மாடியில் சபை, கீழே பாங்கு

சவிரிமுத்தர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார். கூறைச்சேலை, சாப்பாடு, யார் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் பேசி முடிந்திருந்தது. என் கணவர் அன்ரன் இன்னும் கொஞ்சம் ரோல்ஸ் எடுத்துவர எழும்பினார்.

"இரும் அன்ரன்," என்றார் சவிரிமுத்தர். "ஒரு கதை மிச்சம் இருக்கு."

அவருடைய மகன் டிலானுக்கும் எங்கள் மகள் அனுஜாவுக்கும் கலியாணம் நிச்சயமாகி இரண்டொரு கிழமைதான் ஆகியிருந்தது. பிள்ளைகள் தாங்களே விரும்பித் தாங்களே முடிவெடுத்தவர்கள். நாங்கள் பெரியவர்கள் பின்னால் ஓடிப்போய்ச் சம்பந்திகள் ஆனவர்கள். இரண்டு வீடும் நோர்வேயில், நகரத்துக்கு வெளியே உள்ள ஹவுகன்ஸ்டுவாவில்தான். அவர்களுடைய பல்கனியில் காயும் உடுப்பு எங்கள் குசினி ஜன்னலில் தெரியும்.

சவிரிமுத்தர் என் பக்கம் திரும்பினார்.

"குறை நினையாதேங்கோ, சம்மந்தி. நீங்கள் வேலை செய்யிற பாங்கு மோர்மன்காரற்றை பாங்காமே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த அவர் மனைவி றீத்தா சிரிக்கவில்லை. மடியில் இருந்த கையுறைகளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தா.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"சொல்லாத ஆள் ஆர்? மனேச்சர் அவங்கடை பிஷப்பாம். அங்கை வேலை செய்யிறவை மெல்ல மெல்லச் சபையிலை சேரவேணுமாம். நீங்களும் அவையளோடை போய்வாறதைச் சனம் கண்டிருக்கு. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்க ஆக்கள். வேதத்துக்காகக் கழுத்தைக் குடுத்த சனம். நாளைக்குப் பூசை முடிஞ்சு வெளியிலை வர, நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"இல்லை எண்டு சொல்லுங்கோ."

"அது காணாது, சம்மந்தி. கலியாணத்துக்கு முன்னம் நீங்கள் அந்த வேலையை விட்டிட்டால் நல்லம்."

கூரையில் இருந்து ஒரு பெரிய பனிக்கட்டி வழுக்கி வாசலில் விழுந்த சத்தம் கேட்டது. குசினி வாசலில் ரோல்ஸ் தட்டோடு நின்ற அனுஜா, தட்டை வைக்காமலே திரும்பி உள்ளே போனாள்.

ஒரே கதவு

அந்தப் பாங்குக் கிளையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்து இடமான ரொம்மனுக்கு அடுத்தாற்போல், செங்கல் நிறத்தில் இரண்டு மாடிக் கட்டடம். கீழே பாங்கு. மேலே ஒரு மண்டபமும் சில அறைகளும். மேலே ஒரு காலத்தில் பல்வைத்தியர் இருந்தாராம். அவர் போன பிறகு அந்தத் தளத்தை, அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவான மோர்மன் சபை வாடகைக்கு எடுத்தது. கட்டடம் பாங்குக்குச் சொந்தம். சபை குடியிருக்கும் ஆள். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் தெருவுக்கு ஒரே ஒரு கதவு. உள்ளே வந்த பிறகுதான் இடது பக்கம் பாங்கு, நேரே படிக்கட்டு. வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் நெஞ்சில் கறுத்தப் பெயர்த்தகடுமாக மிஷனரிமார் அந்தக் கதவால் வருவார்கள், போவார்கள். கதவுக்கு மேலே பாங்கின் பெயர் கொட்டை எழுத்தில். சபையின் பெயர்ப்பலகை அதற்குக் கீழே, சின்னதாக, ஏதோ பாங்கின் ஒரு பிரிவு போல. தெருவில் நின்று பார்க்கிற சனம் என்ன நினைக்கும்?

போதாக்குறைக்கு எங்கள் மனேச்சர் ஈவார்.

ஈவார் உயரமான, மெதுவாகக் கதைக்கிற நோர்வேக்காரர். அவர் அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவர். கிழமை நாட்களில் கீழே மனேச்சர், ஞாயிற்றுக்கிழமை மேலே பிஷப். அவர் எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்தபோது சபை ஏற்கெனவே மேலேதான் இருந்தது. வாடகைக் கதை முழுவதும் நகரத்துத் தலைமையகத்தின் பொறுப்பு. ஈவார் அதில் தலையிடவில்லை. அதை அவர் வந்த முதல் கிழமையே எங்களுக்குச் சொல்லியும் இருந்தார். ஆனால் வெளியே இருக்கிற சனத்துக்கு அதை யார் சொல்வது?

இந்த நாட்டில் கோப்பி குடிக்காதவரைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஈவார் கோப்பியும் குடிப்பதில்லை, தேத்தண்ணியும் குடிப்பதில்லை. சுடுதண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, கூட்டங்களில் கையில் வைத்துக்கொண்டிருப்பார். ஒரு நோர்வேக் கிழவர் என் மேசைக்குக் குனிந்து, "உங்கள் மனேச்சருக்கு வயிற்றில் ஏதும் கோளாறா?" என்று கேட்டார். அவருடைய சபையில் கோப்பியும் தேத்தண்ணியும் விலக்கு என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அப்படியென்றால் என் காசு அமெரிக்காவுக்கா போகிறது?" என்றார்.

அதற்குப் பிறகு கதை கை கால் முளைத்து நடக்கத் தொடங்கியது. நகரத்துக் குறொன்லாண்ட் பகுதி மரக்கறிக் கடையில் ஒரு மாதிரி, எங்கள் கோயில் வாசலில் இன்னொரு மாதிரி. வீட்டுக்கடன் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமாம். வட்டியில் பத்தில் ஒரு பங்கு சபைக்காம். பழைய பாதுகாப்பு அறையில் மோர்மன்காரரின் வேதம் எழுதிய தங்கப் புத்தகம் ஒன்று இருக்கிறதாம். அந்த அறையில் இருந்தது பழைய நத்தார் மரமும் உடைந்த கதிரைகளும்தான். எனக்குத் தெரியும். யேசு பிறப்பு முடிந்து மரத்தை ஒவ்வொரு வருடமும் தூக்கி வைப்பது நான்.

சென்னையில் இருந்து வேலைக்கு வந்த ஒரு பெண்பிள்ளை, கணினித் துறைக்காரி, ஒருநாள் கணக்குத் திறக்க வந்து மெல்லக் கேட்டாள்: "மேடம், இது சர்ச் பேங்க்னு சொல்றாங்களே, நிஜமா? எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா எங்க அப்பா கேட்டா பயந்துடுவார்."

"பயப்பிடாதைங்கோ பிள்ளை," என்றேன். "இது வெறும் பாங்குதான்."

"பயப்பிடாதைங்கோ" என்று நான் சொன்னதை அவள் ரசித்துச் சிரித்தாள். கணக்கும் திறந்தாள். எல்லோரும் அப்படி இல்லை. பலர் கேட்கவே இல்லை. பேசாமல் வேறு கிளைக்குப் போய்விட்டார்கள்.

சோபா தூக்கினவர்கள்

சனத்தைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. ஊரில் நாங்கள் இருந்த தீவில் கிராமிய வங்கி வந்தபோது வேறு கட்டடம் கிடைக்காமல், பாதர் குடியிருக்கும் பங்குமனையின் முன் அறையில்தான் திறந்தார்கள். அந்த வங்கி வேறு இடத்துக்குப் போகும் வரைக்கும் அதற்குக் "கோயில் பாங்கு" என்றுதான் பெயர். நகை அடைவு வைக்கப் போன சனம் பாதரிடம் போய் நின்று, "சுவாமி, கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தாங்கோ," என்று கேட்டது. பாவம், அந்தப் பாதருக்கு வங்கியின் கதவைத் திறக்கிற திறப்புக்கூட இல்லை.

மோர்மன்காரரை நான் முதலில் கண்டது பாங்கில் அல்ல. ஹவுகன்ஸ்டுவாவுக்குக் குடிவந்த நாளில். பழைய சோபா ஒன்றை வாங்கி, அன்ரனும் நானும் அதைப் படிக்கட்டில் பாதிவழி ஏற்றிவிட்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறக்க முடியாமல் நின்றோம். வெள்ளைச் சேட்டுப் போட்ட இரண்டு பேர் வீடு வீடாகக் கதவு தட்டிக்கொண்டு வந்தார்கள். எங்களைக் கண்டதும் ஜெபம் இல்லை, புத்தகம் இல்லை. கோட்டைக் கழற்றிக் கைப்பிடியில் போட்டுவிட்டு சோபாவைத் தூக்கினார்கள்.

அன்ரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல கடும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். கோப்பி என்றார். அதுவும் வேண்டாம் என்றார்கள். மனுசனுக்கு மூக்குச் சிவந்துவிட்டது. "எங்கடை கையாலை வாங்கிக் குடிக்க மாட்டினமோ?" என்று எனக்குத் தமிழில் உறுமினார். பிறகு ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் வைத்தபோது, அவர்கள் மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் கோபம் ஆறியது.

எங்களை மதம் மாற்ற அவர்கள் திரும்பி வரவில்லை. கறி சாப்பிட ஒருமுறை வந்தார்கள்.

அனுஜாவின் தீர்ப்பு

சம்பந்திகள் போன பிறகு அனுஜா குசினியில் இருந்து வெளியே வந்தாள்.

"அம்மா, நீங்கள் யொப்பை விட்டால் நான் இந்த பிரில்லுப்பை விடுறன்," என்றாள். வேலை, கலியாணம் இரண்டையும் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்கு முதலில் தமிழ்தான் போகும்.

"விசர்க்கதை கதையாதை. டிலான் என்ன செய்தவன்?"

"நீங்கள் வேலையை விடக்கூடாது எண்டுதான் அவனும் சொல்லுறான். அப்பாவோடை கதைச்சுப்போட்டு வந்து காருக்குள்ளை இருந்து அழுகிறான்."

அந்தப் பிள்ளை காருக்குள் இருந்து அழுதது என்றதும் எனக்கு இருந்த கோபம் வேறு ஒன்றாக மாறிவிட்டது. நான் வேலையை விடப் போவதில்லை. அது மட்டும் நிச்சயம். மொழி தெரியாமல் வந்து, துப்புரவு வேலை செய்து, இரவுப் பள்ளிக்கூடம் போய், அந்தக் கண்ணாடி அறைக்குள் ஒரு மேசை பிடித்தவள் நான். ஆனால் சவிரிமுத்தர் கெட்ட மனுசர் இல்லை. அவர் பயந்திருந்தார். கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமல் ஊரைக் கேட்டுப் பயந்திருந்தார்.

கேட்க வேண்டிய ஆளையே கொண்டுவந்து அவருக்கு முன் இருத்தினால் என்ன?

திங்கட்கிழமை ஈவாரின் அறைக் கதவைத் தட்டினேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. முழுவதையும் சொன்னேன், தங்கப் புத்தகத்தையும் சேர்த்து. முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சுடுதண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மகளின் கலியாணம் வரைக்கும் போய்விட்டதா?"

"உங்களில் ஒரு பிழையும் இல்லை."

"வருகிறேன், ஜெசிந்தா," என்றார். "என் மனைவி மாரித்தையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? அவள் என்னைவிட நன்றாகக் கதைப்பாள்."

கேள்வியும் பதிலும்

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு மேசையில் சவிரிமுத்தரும் றீத்தாவும் ஒரு பக்கம், ஈவாரும் மாரித்தும் மறுபக்கம். மாரித் தானே செய்த அப்பிள் கேக் கொண்டுவந்திருந்தா. நான் இந்தமுறை தேத்தண்ணி வைக்கவில்லை. தோடம்பழச் சாறு கரைத்து வைத்திருந்தேன்.

சவிரிமுத்தர் பஸ் ஓட்டுநர். அவருடைய நோர்வேஜிய மொழி நேரானது, வளைவு நெளிவு கிடையாது. முதல் வாய் சாப்பிட்டதும் கேட்டுவிட்டார்.

"பாங்கு உங்கள் சபையுடையதா?"

"இல்லை," என்றார் ஈவார். "சபை பாங்குக்கு வாடகை கொடுக்கிறது. மேலே குழாய் ஒழுகினாலும் சூடாக்கி நின்றாலும் நாங்களும் எல்லோரையும் போலத் தலைமையகத்துக்கு ரெலிபோன் எடுத்துக் காத்திருக்கிறோம். போன குளிர்காலம் முழுக்கக் கோட்டோடுதான் ஜெபம் செய்தோம்."

"நீங்கள் ஆயராமே?"

"பிஷப் என்று சொல்வார்கள். ஆனால் உங்கள் ஆயர் போல இல்லை. சம்பளம் இல்லை, மோதிரம் இல்லை. சில வருடங்களுக்கு ஒருவர் செய்வோம். என் முறை முடிந்ததும் நான் பழையபடி கதிரை அடுக்கப் போய்விடுவேன்."

சவிரிமுத்தர் மாரித்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி மாரித்தைப் பார்த்தார். என்ன கேள்வி வரப்போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. கதையை மாற்றச் சொல்லி மேசைக்குக் கீழே அன்ரனின் காலை மிதித்தேன். அதற்குள் மாரித் முந்திவிட்டா.

"இவருக்கு மனைவி நான் மட்டும்தான்," என்றா. "பல மனைவி கட்டுகிற அந்தப் பழைய வழக்கத்தைச் சபை எப்போதோ விட்டுவிட்டது. என் பிறந்தநாளையே மறக்கிற மனுசன் இவர். இவருக்கு இன்னொருத்தி எதற்கு?"

றீத்தா வாய்விட்டுச் சிரித்தா. "இவரும் அப்படித்தான்," என்று கணவரைக் காட்டினா. அந்தச் சிரிப்போடு மேசை கொஞ்சம் இளகியது. சவிரிமுத்தர் ஈவாரின் தட்டில் தானே இறால் பொரியல் போட்டார்.

அந்த நேரத்தில்தான் ஈவார் அதைச் சொன்னார். சாதாரணமாக, கையைத் துடைத்துக்கொண்டே.

"எப்படியும் இந்தக் கதை கோடைகாலத்தோடு முடிந்துவிடும். நாங்கள் மேல்மாடியை விட்டுப் போகிறோம்."

எனக்கே அது புதுச் செய்தி.

"ஏன்?" என்றேன்.

"வாடிக்கையாளர் பலர் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். கிளைக்குச் சனம் வருவது குறைகிறது. இரண்டும் ஒரே கதவில் இருந்தால் சனம் நம்பாது என்று தலைமையகம் நினைக்கிறது. அவர்கள் நினைப்பதில் பிழையும் இல்லை. நாங்கள் சபையில் கூடிக் கதைத்தோம். கீழே வேலை செய்கிறவர்களின் வயிற்றில் அடிக்க வேண்டாம், நாங்களே போவோம் என்று முடிவு."

"எங்கை போவியள்?" றீத்தா தமிழிலேயே கேட்டுவிட்டா. நான் மொழிபெயர்த்தேன்.

"அதுதான் தெரியவில்லை," என்றா மாரித். "நகரத்துக்குள் சபைக் கட்டடம் இருக்கிறது. எங்களுக்குத் தூரமில்லை. ஆனால் சூல்வெய்க் என்று ஒரு மூதாட்டி. நடைவண்டியோடு ஞாயிறுகளில் வருவா. அவவுக்கு வெளியே போகிற ஒரே இடம் அதுதான். அவ ரயில் மாறி ஏறி வரமாட்டா."

சவிரிமுத்தர் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். அந்தக் கதையைச் சுமந்து திரிந்தவர்களில் தானும் ஒருவர் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். போகும்போது ஈவாரின் கையைப் பிடித்தவர் விட நேரமெடுத்தார். வேலையை விடச் சொன்ன பேச்சு அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மண்டபச் சண்டை

சில நாள் கழித்துச் சவிரிமுத்தர் ரெலிபோன் எடுத்தார்.

"சம்மந்தி, எங்கடை மண்டபம் ஞாயிறு காலமை சும்மாதானே கிடக்கு?"

ரொம்மனில் தமிழ்ச் சங்கம் ஒன்றின் மண்டபத்துக்கு அவர்தான் பொறுப்பு. சனிக்கிழமை தமிழ் வகுப்பு, பின்னேரங்களில் நடனம், பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு. ஞாயிறு காலையில் பாதிச் சனம் பூசையில், மீதிச் சனம் நித்திரையில்.

"ஓம், சும்மாதான்."

"அதை ஈவாரின்ரை சபைக்குக் குடுத்தால் என்ன?"

"உங்கடை கமிற்றி விடுமோ?"

"விடாது," என்றார். "அதுதான் உங்களையும் வரச் சொல்லுறன்."

அந்தக் கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். கதிரைகள் இழுபட்டன. சங்கத்துப் பெயர் கெட்டுவிடும் என்றார் ஒருவர். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார் இன்னொருவர். திருகோணமலையைச் சேர்ந்த ஒரு அண்ணர், "இஞ்சை சரஸ்வதி படம் இருக்கு, அதைக் கழட்டச் சொல்லுவினம்," என்றார்.

சவிரிமுத்தர் எழும்பினார். மேடைப் பேச்சு அவருக்கு வராது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த மண்டபம் வாங்க முன்னம் நாங்கள் எத்தினை கதவு தட்டினனாங்கள்? கறி மணக்கும் எண்டவை. சத்தம் போடுவியள் எண்டவை. புலிக்குக் காசு சேர்க்கிற ஆக்கள் எண்டும் எழுதினவை. எங்களை ஒருத்தரும் வந்து நேரை கேக்கேல்லை. நானும் இவையளை நேரை கேக்கேல்லை. ஒரு சனிக்கிழமைதான் கேட்டனான். கேட்ட பிறகு எனக்கு நித்திரை வரேல்லை."

பிறகு அந்தத் திருகோணமலை அண்ணர்தான் கேட்டார்: "படத்தைக் கழட்டச் சொல்ல மாட்டினமோ?"

"நான் கேட்டனான். அது உங்கடை சுவர் எண்டு சொன்னவை."

கைகள் உயர்ந்தன. எல்லோரும் அல்ல. ஆனால் போதுமானவர்கள்.

முதல் ஞாயிறு

கலியாணம் வைகாசியில் நடந்தது. பாங்கு ஆட்கள் ஒரு மேசை. ஈவார் மூன்று வகைக் கறியையும் கையால் சாப்பிட்டார். மாரித் சேலை கட்டியிருந்தா, றீத்தாதான் கட்டிவிட்டா. கோயில் வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அல்லது கேட்டார்களோ என்னவோ, அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எனக்குக் காது கேட்கவில்லை.

ஆவணி கடைசியில் சபை மண்டபத்துக்கு மாறியது. முதல் ஞாயிறு கதவு திறக்கச் சவிரிமுத்தர் போனார். நானும் பூசைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். விடிய மழை பெய்து விட்டிருந்தது. முதல்நாள் பிறந்தநாள் கொண்டாட்டத்தின் பிரியாணி வாசம் இன்னும் உள்ளே நின்றது. ஆனா ஆவன்னா எழுதிய சுவருக்கு முன்னால், கானா நாட்டுக்காரர், பிலிப்பீன்ஸ்காரர், நோர்வேக்காரர் என்று எல்லோருமாகக் கதிரை அடுக்கினார்கள். ஒரு பிலிப்பீன்ஸ் பெண் சரஸ்வதி படத்தின் கண்ணாடியையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

சவிரிமுத்தர் உள்ளே போகவில்லை. மழைக்கோட்டோடு வாசலில் நின்றார், தான் தொழ வரவில்லை, கதவுக்குப் பொறுப்பு மட்டும் என்பது தெருவுக்குத் தெரிய வேண்டும் என்பது போல.

சூல்வெய்க் மூதாட்டி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தா. வாசல் படி கொஞ்சம் உயரம். சவிரிமுத்தர் ஒரு கையால் வண்டியைத் தூக்கி, மறுகையால் அவவைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். கதிரையில் இருத்திவிட்டுத் திரும்ப நினைத்தவரை அவ விடவில்லை. அவர் சேட்டுக் கையைப் பிடித்தபடி, "வெளியே குளிர், இரு," என்றா. இருந்தார். பாட்டுத் தொடங்கியது.

பாட்டின் நடுவில் அவருடைய ரெலிபோன் அடித்தது. அவசரமாக எழும்பி வாசலுக்கு வந்தார். ரொறன்ரோவில் இருந்து அவர் மச்சான். நித்திரை கொள்ள வேண்டிய நேரத்தில் எடுத்திருக்கிறார். குரல் எனக்கும் கேட்டது.

"அத்தான், மண்டபத்தை மோர்மன்காரருக்கு வித்துப்போட்டியளாமே?"

சவிரிமுத்தர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ரெலிபோனை உள்பக்கம் நீட்டிப் பிடித்தார். ஒரு பாட்டு முழுவதும் முடியும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. பிறகு காதில் வைத்தார்.

"கேட்டதோ? நல்லாப் பாடினம் என்ன? வாடகைக்குத்தான் இருக்கினம். வாற வருசம் இஞ்சாலை வந்தால் நீரே வந்து கேட்டுப் பாரும். வையும், மைக் இரையுது. நான் போய்ப் பாக்க வேணும்."